டயகமவும் தெரிவுக் குவியமும்: சில விமர்சனக் குறிப்புகள்

கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களைப் பாடசாலையில் மனனம் செய்யாத இலங்கையர் அரிது. ராஜகாரியம் ஒழிந்தது, நீதிமன்றங்கள் திருத்தியமைக்கப்பட்டன, பெருந்தோட்டத்துக்கு வாசல் திறந்தது என்று 1833 ஐச் சுற்றி எழுதிப் புள்ளிகள் வாங்கியிருக்கிறோம். ஆனால், அந்தக் கமரனின் மனைவி யார் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் எமக்குச் சொல்லித்தந்ததில்லை. சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தவர் ஜூலியா மார்கரட் கமரன். புகைப்படக் கலையின் உலக வரலாற்றில் கணவரைவிடப் பன்மடங்கு பெரிய பெயர் அவருடையது. 1815 இல் கல்கத்தாவில் பிறந்தார். 48 ஆவது வயதில் மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவைக் கையிலெடுத்தார். 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலய வளவில் அவரது அடக்கம் இருக்கிறது. மறு வருடம் காலமான கணவரும் அங்கேயே கிடக்கிறார்.

டயகமவைப் பற்றி எழுத வந்த இடத்தில் பொகவந்தலாவைக் கல்லறை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. டயகம பஸாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த இளம் நண்பர் ஒருவர், தாம் எடுத்த முப்பத்துச் சொச்சம் படங்களை இச்சஞ்சிகைக்கு அனுப்பி, அட்டைக்கு ஒன்றைத் தெரிவுசெய்து ஒரு குறிப்பும் எழுதுமாறு கேட்டிருந்தார். படங்கள் அனைத்தும் தெரிவுக் குவிய வில்லையால் எடுக்கப்பட்டவை. சட்டகத்தின் ஒரு சிறு பகுதி மட்டும் ஊசிமுனையாகத் தெரியும். மற்றவையெல்லாம் பனிக்குள் கரைந்ததுபோல் கிடக்கும். "இது இப்பதான் வந்த ஸ்டைல் நானா" என்றார். இப்போது வந்ததல்ல. மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில் உறங்கும் மூதாட்டி ஏறத்தாழ 160 வருடங்களுக்கு முன்பே இதற்காக ஏச்சு வாங்கியவர். மலைநாட்டுக்கு வந்து தொழிலாளரைப் படமெடுத்தவரும் அவரே. ஆகவே கணக்கை அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் தொழில்நுட்பம், சுருக்கமாக. ஒரு படத்தில் எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் தெளிவாக விழும் என்பதைப் பெரும்பாலும் மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன. வில்லையின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, அதன் குவியத்தூரம் எவ்வளவு, படமெடுப்பவர் எவ்வளவு கிட்ட நிற்கிறார் என்பனவே அவை. துவாரத்தை அகலத் திறந்து, நீண்ட வில்லையோடு முகத்தருகே போனால் கண் தெளியும், காது மங்கும். இது எந்தக் கமராவுக்கும் பொது. விசேட வில்லைகள் இதையே வேறு வழியில் செய்கின்றன. 1840 இல் ஜோசப் பெட்ஸ்வால் கணித்துச் செய்த உருவப்பட வில்லை நடுவில் கூர்மையும் ஓரங்களில் சுழலும் மங்கலும் தந்தது. சாய்வு வில்லை குவியத் தளத்தையே சரித்துவிடும். 2004 இல் அமெரிக்காவில் வெளிவந்த லென்ஸ்பேபியைக் குழாய்போல் விரலால் வளைத்து, கூர்மை எங்கே விழவேண்டுமோ அங்கே கொண்டுபோகலாம். நண்பரிடம் இருப்பது இந்த இனம். 2016 க்குப் பின்னர் கைத்தொலைபேசிகளும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. அங்கே மங்கலைத் தருவது கண்ணாடி அல்ல, கணக்கு. அந்தக் கணக்கு மெல்லிய பொருள்களில் தடுமாறும். தலையிலிருந்து கூடைக்கு இறங்கும் கயிறு பாதியில் அறுந்து தொங்கும் படங்களை நான் பார்த்திருக்கிறேன். கூடை அந்தரத்தில் நிற்கும்.

இந்தப் பார்வை முறைக்கு எமது மரபில் ஒரு பழைய சாட்சி உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், பதினொராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிதாபுல் மனாழிரில், கண்ணின் அச்சுக்கு நேரே வரும் புள்ளியே மிகத் தெளிவாகத் தெரியும், அச்சைவிட்டு விலக விலகத் தெளிவு குன்றும் என்று விளக்குகிறார். அத்தோடு நிற்கவில்லை. பார்வையில் இரண்டு வகை உண்டென்றும் பிரிக்கிறார். ஒன்று, பட்டவுடன் காணும் காட்சி. மற்றது, கண்ணைப் பொருளின் ஒவ்வொரு பகுதிமீதும் நகர்த்தி, நிதானித்து, ஆராய்ந்து காணும் காட்சி. பொருளின் உண்மையை இந்த இரண்டாவதே எட்டும் என்பது அவர் முடிபு. தெரிவுக் குவியத்தின் முழுச் சிக்கலும் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணும் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் தெளிவாகக் காண்கிறது. ஆனால் அடுத்த கணம் நகர்ந்துவிடுகிறது. வில்லை நகராது. படமெடுப்பவர் முதற் பார்வையில் எதை மங்கலாக விட்டாரோ அது என்றென்றைக்கும் மங்கல்தான். பார்ப்பவர் எவ்வளவு நிதானித்தாலும் அங்கே போக முடியாது. ஆகவே இங்கே மங்கலாக்குவது ஒரு தீர்ப்பு.

(படம் எடுப்பது ஹலாலா ஹராமா என்ற வாதத்திலேயே எம்மவர் எத்தனையோ தசாப்தங்களைச் செலவிட்டோம். அதற்குள் எல்லோர் சட்டைப்பையிலும் கமரா வந்துவிட்டது. எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை. பார்வைக்குக் கணக்கு உண்டு என்று நம்பும் ஒரு சமூகம் இதில் முந்திக்கொண்டிருக்க வேண்டும்.)

இனி கமரன் அம்மையார். அவருடைய காலத்தில் கண்ணாடித் தட்டில் ஈரக் கொலோடியன் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். ஒளியுணர்வு மிகக் குறைவு. எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அவரோ பெரிய தட்டுகளை விரும்பினார். முதலில் 11 க்கு 9 அங்குலம், பின்னர் 15 க்கு 12. தட்டுப் பெருக்கப் பெருக்க, தெளிவாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். மற்றவர்கள் துவாரத்தைச் சிறுக்கியும், ஆளைத் தூர நிறுத்தியும், கழுத்துக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைத்தும் இதைச் சமாளித்தார்கள். இவர் முகத்தருகே போனார். குவியத்தைத் திருகிக்கொண்டு வருகையில் கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவேன், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைவரை போகமாட்டேன் என்ற கருத்தைத் தமது நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். லண்டன் புகைப்படச் சஞ்சிகைகள் கவனயீனம் என்று கேலிசெய்தன. குவியம் வைக்கத் தெரியாத சீமாட்டி என்றன.

அந்தக் கேலி இன்று யாருக்கும் ஞாபகமில்லை. படங்கள் நிலைத்துவிட்டன. ஏன் நிலைத்தன என்பதற்கு என் விளக்கம் இது. அவருடைய மங்கல் நெருக்கத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் பிறந்தது. நிமிடக் கணக்கில் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடுகிறார், இமைக்கிறார், களைக்கிறார். அந்த மூச்சு தட்டில் ஏறுகிறது. மங்கல் அங்கே உயிரின் சுவடு. அத்தோடு, வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த மேரி ஹில்லியரை மர்யம் அன்னையாக உட்காரவைத்தார். டெனிசனும் டார்வினும் உட்கார்ந்த அதே கமராவின் முன்தான் பணிப்பெண்ணும் உட்கார்ந்தார். அவர் பெயர் இன்றும் எமக்குத் தெரிகிறது.

இலங்கைக்கு வந்ததும் இது மாறுகிறது. அவரெடுத்த ஏறத்தாழ 1200 படங்களுள் இலங்கைப் படங்களாக எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவர் வந்த காலம் கோப்பியின் இறுதிக் காலம். 1869 இல் தோன்றிய இலைநோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் கோப்பித் தோட்டத்தில்தான் இருந்தார்கள். படங்களில் உள்ளோரிற் பலர் தோட்டத் தொழிலாளர் அல்லது வீட்டுப் பணியாளர் என்பது ஆய்வாளர் கருத்து. 1878 இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்தைப் பாருங்கள். அதன் கீழே தம் கையாலேயே விளக்கம் எழுதியிருக்கிறார். பெண்பிள்ளைக்கு வயது 12 என்கிறார். முதியவர் தன்னை அவளின் தகப்பன் என்றும் தன் வயது நூறு என்றும் சொல்வதாகக் குறிக்கிறார். வயது இருக்கிறது, உறவு இருக்கிறது, பெயர் இல்லை. முகத்தருகே போன கமரா நாலைந்து அடி பின்வாங்கி நிற்கிறது. மங்கலும் குறைகிறது. உடல், உடை, நிற்கும் விதம் எல்லாம் விபரமாகத் தெரிகின்றன. இங்கிலாந்தில் மங்கலுக்குள்ளிருந்து ஓர் ஆள் எட்டிப்பார்த்தார். இங்கே தெளிவுக்குள் ஒரு மாதிரி நிற்கிறது.

ஓவியர் மேரியான் நோர்த் 1876 - 77 காலத்தில் களுத்துறை வீட்டில் விருந்தாளியாகத் தங்கியவர். அவர் தரும் ஒரு செய்தி சிரிப்பும் கசப்பும் கலந்தது. உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு கமரன் அம்மையாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். அந்த முதுகுக்காகவே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டமே இல்லை. முதுகில் குவியம் விழுந்தது. முகத்துக்கு அது வரவேயில்லை. அதே வீட்டில் நோர்த் அம்மையாரையும் படமெடுத்தார். அந்தப் படங்களுக்குப் பெயர் இருக்கிறது.

இதைச் சொல்லி அவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அந்தச் சில படங்களையும் அவர் எடுத்திராவிடின், எழுபதுகளின் தொழிலாளர் முகங்களுள் எமக்குக் கிடைத்திருப்பவை இன்னும் அருகியிருக்கும். பின்னால் வந்த வியாபாரத் தபாலட்டைக் கலையகங்களோடு ஒப்பிட்டால் அவர் எவ்வளவோ மேல். அவை தேயிலைச் செடியைக் கூர்மையாகவும் ஆளை அலங்காரமாகவும் வைத்தன. இன்றைய சுற்றுலா விளம்பரங்கள் அந்தத் தபாலட்டைகளின் பேரப்பிள்ளைகள். கமரனின் வாரிசு என்று அவை உரிமை கோர முடியாது.

இவ்விடத்தில் சாய்வு வில்லையைப் பற்றி ஒரு வார்த்தை. உயரத்தில் நின்று அதைக் கொண்டு கீழே பார்த்தால், ஒரு பட்டையளவு மட்டும் தெளிந்து மேலும் கீழும் மங்கி, ஊர் முழுவதும் விளையாட்டுப் பொம்மையாகத் தெரியும். லயங்கள் தீப்பெட்டிகளாகும், பெரட்டுக்களத்தில் நிற்கும் சனம் சோளப் பொரியாகும். மிகவும் ரசிக்கப்படுகிற உத்தி இது. நண்பரின் தொகுப்பிலும் அவ்வாறான இரண்டு இருக்கின்றன. நல்ல உழைப்பு. ஆனால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோது, பங்களாவுக்கு மேலேயுள்ள வளைவிலிருந்து என்றார். வேறெங்கிருந்து எடுக்க முடியும்? மலையகத்தில் அந்த உயரம் துரைக்கு உரியது. தோட்டத்தைப் பொம்மையாகக் காண்பதற்கென்றே பங்களாவை அங்கே கட்டினார்கள். இரண்டையும் தொகுப்பிலிருந்து நீக்குமாறு சொல்லியிருக்கிறேன்.

மிகுதிப் படங்களுக்கு வருவோம். டயகம, அக்கரப்பத்தனைக்கும் அப்பால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருப்பது. அங்கே பனிமூட்டம் இறங்கினால் இயற்கையே தெரிவுக் குவியம் செய்துவிடும். பத்தடிக்கு அப்பால் நிரையில் நிற்பவர் நிழலாவார். நண்பர் இதை நன்கு உணர்ந்திருக்கிறார். பனிக்குள் மட்டக்கம்பு மட்டும் தெளிவாகத் தெரியும் படம் அருமையானது. செடிக்குக் குறுக்கே கிடக்கும் அந்தச் சிறு கம்புதான் கொழுந்தின் மட்டத்தையும் கையின் வேகத்தையும் அளக்கிறது என்பது தோட்டத்தோடு பழகியவருக்குத்தான் தெரியும். வெளியாள் அதில் குவியம் வைக்கமாட்டார்.

ஆனால் தொகுப்பின் பெரும்பகுதி ஒரே படத்தின் பிரதிகள். ஈரிலையும் மொட்டும் கிள்ளும் விரல்கள் தெளிவு, பின்னால் சிவப்பும் மஞ்சளுமாய்க் கரைந்த சேலை. மூக்குத்தி தெளிவு, முகம் பாதி. வெடித்த குதிகால் தெளிவு, வேறொன்றுமில்லை. ஒவ்வொன்றும் தனியே அழகானது. அடுத்தடுத்துப் பார்க்கையில் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு பெண்ணை விரலாய், மூக்குத்தியாய், குதிகாலாய்க் கண்ட பின்னும் அவரை நான் காணவில்லை. நோர்த் சொன்ன அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. மங்கிப்போன பின்னணியில் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றில் லயத்துக் கூரையின் தகரம். இன்னொன்றில் கங்காணி. மூன்றாவதில் பிள்ளைக் காம்பறா. "அதெல்லாம் வந்தா படம் அழுக்காகுது நானா." அந்த வாக்கியத்தை அவர் யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மலையகப் படப்பிடிப்பின் முழுக் கொள்கையும் அதில் அடங்கியிருக்கிறது.

விதிவிலக்காக ஒன்று. கொழுந்து நிறுக்கும் இடம். முன்னே ஒரு பெண், இடுப்பில் படங்கு, தோளில் சாக்கு; முற்றாக மங்கல். குவியம் அவரைத் தாண்டிப் போய்த் தராசின் முள்ளிலும் அதைப் பார்த்து எழுதும் கையிலும் விழுந்திருக்கிறது. நண்பர் இதைத் தவறிய படம் என்று கடைசியில் வைத்திருந்தார். எனக்கு இதுவே தொகுப்பின் முதற் படம். அந்தப் பெண்ணின் மங்கிய தலை முள்ளை நோக்கித் திரும்பியிருக்கிறது. அவர் எதைப் பார்க்கிறாரோ அதை நாமும் பார்க்கிறோம். இங்கே அவருடைய மங்கல் அவரை அழிக்கவில்லை; அவருடைய கண்ணை எமக்கு இரவல் தருகிறது. தெரிவுக் குவியத்தால் இதைச் செய்ய முடியும். முள் எந்த இலக்கத்தில் நிற்கிறதென்று படத்தில் வாசிக்கலாம். அன்றைய நாள் முழுப்பேரா அரைப்பேரா என்பது அந்த முள்ளில் இருக்கிறது.

டயகம என்ற பெயரை எழுதிவிட்டு இன்னொரு படத்தைப் பேசாமல் நகர்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் முஸ்லிம் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் பணிசெய்துவந்த நிலையில், தீக்காயங்களோடு வைத்தியசாலையில் உயிரிழந்தாள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்துக்குரியது. அதில் நான் நுழையவில்லை. நான் பேசுவது அவளது படத்தைப் பற்றி. பத்திரிகைகளிலும் பதாகைகளிலும் அந்த முகம் நாடெங்கும் போயிற்று. ஒரு சாரார் அந்த முகத்துக்குப் பின்னால் முஸ்லிம் என்ற சொல்லை மட்டும் கூர்மையாக வைத்தார்கள். எம்மவரில் ஒரு சாரார் அரசியல் சூழ்ச்சி என்ற சொல்லை மட்டும் கூர்மையாக வைத்தார்கள். இரு சாராரும் பாவித்தது ஒரே வில்லை. படிக்கிற வயதில் பிள்ளையை வேலைக்கு அனுப்பவைக்கும் சம்பளம், தோட்டத்துக்கும் தலைநகருக்கும் இடையில் நடமாடும் தரகர், மலையகத்துப் பிள்ளை வேலைக்கு நிற்கும் எமது வீடுகளின் அடுப்படி, இவையெல்லாம் பின்னணியில் கரைந்துபோயின. எமது இலக்கிய வட்டங்களில் அப்போது நிலவிய மௌனத்தையும் நான் இந்த மங்கலோடுதான் சேர்ப்பேன். கவிதை வந்தது, உண்மை. பெரும்பாலும் தீயைப் பற்றியே வந்தது. அடுப்படிக்குள் போன கவிதையை நான் காணவில்லை.

அதே டயகமவுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 1956 இல் அங்கே நடந்த தொழிலாளர் போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர் ஏப்ரகாம் சிங்கோ. ஒரு சிங்களப் பெயர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்திய அப்துல் அஸீஸ் மலையகத்தில் பெரும் தலைவராக இருந்த காலம் அது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என மூவரையும் ஒரே சட்டகத்தில் தெளிவாகக் காட்டும் காலம். துவாரத்தைச் சிறுக்கினால்தான் அவ்வளவு ஆழம் தெளியும். அதற்கு வெளிச்சமும் பொறுமையும் அதிகம் வேண்டும். நண்பர் தமது வில்லையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பஸாரில் தம் வாப்பாவின் கடையையும், அதன் கடன் கொப்பியையும், கொப்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவரையும் ஒரு தடவையாவது இந்தத் தொகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். முப்பத்துச் சொச்சம் படங்களில் ஒன்றிலும் கடை இல்லை. தோட்டத்துக்கும் எமக்கும் உள்ள உறவு அந்தக் கொப்பியில்தானே இருக்கிறது.

படவிளக்கம் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அனைத்துக்கும் "உழைப்பு", "வியர்வை", "பசுமைக்குள் ஒரு கண்ணீர்" என்ற பாங்கில் தலைப்பிட்டிருந்தார். வெட்டிவிடச் சொன்னேன். பதிலாகத் தராசுப் படத்திலுள்ளவரின் பெயரைக் கேட்டெழுதி, அவர் சம்மதித்தால் போடுங்கள் என்றேன். நண்பர் மறுநாள் போயிருக்கிறார். "பேர் போடணும்" என்று இவர் சொல்ல, அந்த அம்மா சிரித்திருக்கிறார். "என்னா தம்பி, நீங்களும் அரப்பேருதான் போடுவீங்களா?" பிறகு சம்மதித்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: முகம் தெரிகிற படம் ஒன்றும் சேர்த்துப் போட வேண்டும். அப்படியொரு படம் தொகுப்பில் இல்லை. இனித்தான் எடுக்க வேண்டும். மழை விட்டதும் எடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறார். அட்டைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்பது ஆசிரியர் குழுவுக்கு என் சிபாரிசு.